இரு பக்கமும் இறக்கம்

சிப்பித்துறைக்கும் நாலுவிளைக்கும் நடுவில் கிடக்கும் கச்சான் தேரி, ஒரு செப்டம்பர் மாதக் காலையில், இரண்டு பக்கமும் இறக்கமாகிவிட்டது. கடற்கரையிலிருந்து டவுனுக்குப் போனாலும் இறக்கம், டவுனிலிருந்து கடற்கரைக்குத் திரும்பினாலும் இறக்கம். முந்தின நாள் வரைக்கும் அது மற்ற தேரிகளைப் போல ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிற செம்மணல் மேடாகத்தான் இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்கால் புதையப் புதைய, மாதாவையும் பஞ்சாயத்துத் தலைவரையும் மாறி மாறிக் கூப்பிட்டபடி அதில் ஏறுவார்கள், இருவரில் ஒருவருக்காவது காது கேட்கட்டும் என்று.

முதலில் கண்டது மீன்காரி பிரகாசிதான். மணலில் கால் வைத்தாள், மணல் வழுக்கியது, கூடையை மடியில் வைத்து உட்கார்ந்தாள், போனாள், போனாள், நாலுவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்றாள், ஒரு சாளை மீன்கூடக் கீழே விழவில்லை. மீனை விற்றுவிட்டு, திரும்பி ஏறுவதற்காக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கால் வைத்தால் அங்கேயும் இறக்கம். வீடு வந்து சேர்ந்ததும், "எக்கா, ஏத்தத்தக் காணோம்" என்றாள். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கி, "மீன் என்ன வெலைக்குப் போச்சு?" என்று கேட்டார்கள்.

காரணம் என்று ஒன்று வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. எங்கள் கோயில் இரக்கத்தின் மாதா கோயில். அந்த வருஷத் திருவிழாவுக்கு நாலுவிளையில் அடித்துக் கொண்டுவந்த பெரிய ஃபிளெக்ஸ் பேனரில் 'தாயே, எங்களுக்கு இறக்கம் தாரும்' என்று இருந்தது. தமிழ் வாத்தியார் தேவசகாயம் சார் மட்டும் அதன் கீழே நின்று, "பெரிய ற போட்டிருக்கானே, இது மேட்டுலருந்து எறங்குற இறக்கம்லா, சின்ன ர வரணும்" என்று சொல்லிப் பார்த்தார். கயிறு கட்டிக்கொண்டிருந்த உபதேசியார் மிக்கேல், "நாம என்ன கேக்கோம்னு மாதாவுக்குத் தெரியாதா சார்?" என்றார். சப்பரம் சுற்றி வந்து, கொடி இறங்கி, மறுநாள் விடிந்தபோது, மாதா எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

பேனரைத் திருத்திக் கட்டுவதா என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். திருத்தினால் ஏற்றம் திரும்பி வந்துவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பிரகாசி எழுந்து, "முப்பது வருசமா ஏறுனவ சொல்லுதேன், எனக்கு எறக்கமே எரக்கந்தான், எவனாவது பேனர்ல கை வச்சியன்னா கைய ஒடிச்சுப்புடுவேன்" என்று உட்கார்ந்தாள். திருத்த வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது ஒரே ஒரு கை உயர்ந்தது. அது செபமாலையின் கை. சுற்றி நின்ற ஊர் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது, தேவசகாயம் சார்கூடக் கை தூக்கவில்லை.

செபமாலை ஃபைபர் படகு செய்கிறவள். கடற்கரைக் கொட்டகையில் 'மேட்' என்கிற கண்ணாடி நார் விரிப்பை விரித்து, ரெசினில் ஹார்டனர் கலந்து பூசி, உருளை ஓட்டி, அது காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு மேட் என்று அடுக்கி அடுக்கி அவள் எழுப்பும் படகுகள்தான் எங்கள் ஊர்க் கடலில் பாதி. அவள் புருஷன் தொம்மை நாலு வருஷமாக வீட்டில் இல்லை. கச்சான் தேரியின் நட்டநடுவில் ஒரு முந்திரித்தோப்பு உண்டு, அங்கே காவலுக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான்.

அவன் போன கதை இதுதான். ஒரு மழைக்காலத்தில், சாளை வரத்துக்கு முன்னால் முடிக்க வேண்டுமே என்ற அவசரத்தில், செபமாலை தொம்மைக்காக ஒரு படகு கட்டினாள். அடியில் போட வேண்டிய மேட் ஈரக்காற்றில் லேசாக நமத்திருந்தது. விரலுக்குத் தெரிந்தது, ஆனாலும் போட்டாள், மேலே நீலப் பூச்சையும் பூசினாள். மூன்றாம் மாதம் நடுக்கடலில் படகு அடுக்கு அடுக்காகப் பிரிந்தது, தொம்மை பலகையைப் பிடித்து நீந்திக் கரையேறினான். கரை ஒதுங்கிய படகுத் துண்டைப் புரட்டியதும் உள்ளே வெள்ளை பூத்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள், வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால் அதைக் காலால் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு, கூடி நின்றவர்களிடம், "பார்ல ஏத்தியிருப்பாரு" என்றாள். கடலுக்கடியில் பார், அதாவது பாறை, எங்கே கிடக்கிறது என்று தெரியாதவன் என்று பெயர் வந்துவிட்டால் எங்கள் ஊரில் ஒருவன் முடிந்தான். யாரும் தொம்மையைத் தொழிலுக்குக் கூப்பிடவில்லை. துணிப்பையோடு தேரி ஏறும்போது அவன் ஒன்றுதான் சொன்னான்: "நான் பார்ல ஏத்தலன்னு நீ என் முன்னால வந்து நின்னு சொல்லு. அன்னைக்கு வாரேன்."

இந்த நாலு வருஷத்தில் செபமாலை என்றைக்காவது நடந்து போயிருக்கலாம், இரண்டு கிலோமீட்டர்தான். போகவில்லை. சொன்னால் கொட்டகைக்கு ஒருத்தன் படகு கொண்டுவர மாட்டான் என்ற பயம் ஒன்று, அவன் முகத்தைப் பார்க்கும் பயம் அதைவிடப் பெரிது. திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்தில் ஒருவழியாகச் சொன்னாள். பங்குச்சாமியார், "இதை என்கிட்ட சொல்லி என்னம்மா செய்ய, மன்னிக்க வேண்டிய ஆளு தேரியில இருக்காரு" என்றார். திருவிழா முடிந்த மறுநாள் விடிந்ததும் போவது என்று முடிவுசெய்து, புடவையைக்கூட எடுத்து வைத்திருந்தாள். விடிந்தபோது தேரி இறக்கமாகியிருந்தது.

தோப்பு மட்டும் வேர்ப்பிடிப்பில் பழைய இடத்திலேயே நின்றது. ஆனால் இறக்கம் அதை ஒட்டிப் போகாமல், இருபது முழம் தள்ளி வளைந்து போனது. மணலில் கால் வைத்தவரை மணல் அள்ளிக்கொண்டு போய் மறுபக்கம் இறக்கிவிட்டுத்தான் ஓயும், நடுவில் நிற்க வழியே இல்லை. கயிறு வீசிப் பார்த்தார்கள், கயிறு தானாகச் சறுக்கி ஊர் வந்து சேர்ந்தது. தொம்மை நினைத்தால் எந்தப் பக்கமும் இறங்கி வந்துவிடலாம். அவன் நினைக்கவில்லை, நினைக்க மாட்டான் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

போகிறவர்கள் அவனுக்கு அரிசியும் கருவாடும் தூக்கி எறிந்தார்கள். தோப்பைக் கடக்க மூன்று விநாடி ஆகும், அதற்குள் என்ன பேச முடியுமோ அதைப் பேசினார்கள். காலையில் டவுனுக்குப் போகும்போது, "மச்சான், காய்ச்சல்—" என்று கேட்டால் சாயங்காலம் திரும்பும்போது, "விட்டுருச்சு" என்று பதில் கிடைக்கும். தேவசகாயம் சார் ஒரு வாரம் முழுக்கச் சறுக்கிச் சறுக்கி ஒரு செய்தித்தாளின் முதல் பக்கத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினார். "செபமாலைகிட்ட என்ன சொல்ல?" என்று பிரகாசி கேட்டதற்கு, மறுநாள், "அவளை வந்து சொல்லச் சொல்லு" என்று பதில் வந்தது. அவள் சொல்ல வேண்டியதை யார் வாயிலும் கொடுத்தனுப்ப முடியாது, மூன்று விநாடியில் அடங்குகிற காரியமும் இல்லை. நடுவில் நின்றாக வேண்டும்.

நிற்கக்கூடிய ஒரு பலகை செய்வது என்று அவள் இறங்கியது அப்படித்தான்.

கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்ற ரொமால்டு மாமா வீட்டுச் சுவரில், கரடிப் படம் போட்ட ஒரு நீளப் பலகை தொங்கும். ஏதோ குளிர்நாட்டுத் துறைமுகத்தில் குப்பையில் கிடந்ததென்று எடுத்துவந்தது. "பனிமலையில இது மேல நின்னு சறுக்குவானுவ. நினைச்ச எடத்துல டக்குனு நிப்பானுவ" என்று அவர் சொன்னதுதான் தாமதம், செபமாலை அதை வாங்கிப்போய் நட்டநடுவில் ரம்பத்தால் அறுத்துவிட்டாள். மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அறுத்த முகத்தை அவள் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மேலே பளபளப்பான பிளாஸ்டிக், அதன் கீழே கண்ணாடி நார்த்துணி, நடுவில் மெல்லிய மரச்சட்டங்கள் பக்கம் பக்கமாக ஒட்டியது, மறுபடி நார்த்துணி, அடியில் கறுத்த பிளாஸ்டிக், இரண்டு ஓரத்திலும் இரும்புப் பட்டை. "மாமா, இது நம்ம படகுதான்" என்றாள், "தட்டையா அமுக்கி வச்சிருக்கான்."

முதல் பலகைக்கு நடுவில் பனஞ்சட்டம் வைத்தாள், அடியில் ரெசின் டிரம்மை வெட்டிய நீலப் பிளாஸ்டிக். பனை வளைந்து கொடுக்கவில்லை, எங்கே திருப்பினாலும் நேராகத்தான் போவேன் என்றது. பனிக்கு ஏற்ற பிளாஸ்டிக் எங்கள் செம்மணலுக்கு ஒத்துவரவில்லை, வெயிலில் மணல் அதைக் கடித்துக் கடித்து விட்டதில் பலகை திக்கித் திக்கி ஓடி அவளைக் குப்புறத் தள்ளியது. விழுந்து உருண்டு மணல் வாரிக்கொண்டு போகும்போது தோப்பில் ஒரு நீலச் சாரத்தின் நுனி தெரிந்தது. அது தொம்மைக்கு அவள் எடுத்துக் கொடுத்த கைலி.

இரண்டாவது பலகைக்கு முருங்கை. இறகு போல லேசு, ஆனால் பலகையின் மூக்கு படபடவென்று அடித்தது, பள்ளம் வந்த இடத்தில் நடுவில் மடிந்தது. மூன்றாவதில் மலைவேம்புச் சட்டங்களை ஒட்டி, ஓரங்களில் மூங்கில் கொடுத்தாள், லேசாகவும் இருந்தது, அமுக்கினால் திரும்ப எழும்பவும் செய்தது. அடிக்கு, நாலுவிளையில் இடித்த ஓட்டலின் மேசைகளிலிருந்து பெயர்த்த சன்மைக்காவை ஒட்டினாள். மணல் அதைக் கடிக்கவே இல்லை. அவள் தோப்பைக் கடந்த வேகத்தில் ஒரு இருமல் சத்தம் மட்டும்தான் கேட்டது. அன்றைக்கு நாலுவிளை பஸ் ஸ்டாண்டில் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அழுததைப் பார்த்தவர்கள் உண்டு, கீழே விழுந்து அடிபட்டுவிட்டது என்று நினைத்து ஆளுக்கொரு சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

அவளுக்கு உதவாத பலகைகள் ஊருக்கு உதவின. இரண்டு நுனியும் தூக்கி, வயிறு மணலில் படிகிற வளைசல் பலகையை மீன்காரிகள் விரும்பினார்கள். அது ஓரம் குத்தாது, தடுமாறாது, கூடை வைத்த பாரத்தை வயிற்றிலேயே தாங்கிக்கொண்டு சாதுவாகப் போகும். தேவசகாயம் சார் நேராக நின்று நேராகப் போகிறவர், அவருக்குப் பனஞ்சட்டம் பொருந்தியது, அடியில் மட்டும் சன்மைக்கா மாற்றிக் கொடுத்தாள். எடை குறைந்தவர்களுக்கு ஒரு அடுக்குத் துணி, உபதேசியார் போன்றவர்களுக்கு மூன்று. ஆளைப் பார்த்தே என்ன மரம், எத்தனை அடுக்கு, எவ்வளவு நீளம் என்று சொல்ல அவளுக்கு வந்துவிட்டது. காலை ஏழு மணிக்குத் தேரியில் பார்த்தால், சிவந்த மணல் மேல் நூறு நூற்றைம்பது பேர் நின்றபடியே, கூடையோடும் குடையோடும், சத்தமில்லாமல் இறங்கி இறங்கி டவுனுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள், எதிரில் டவுன்காரர்கள் நின்றபடியே இறங்கி இறங்கிக் கடற்கரைக்கு வந்துகொண்டிருப்பார்கள், இரண்டு கூட்டமும் நடுவில் வணக்கம் சொல்லிக்கொள்ளும். இப்படித்தான் உலகம் எப்போதும் இருந்தது என்று எங்களுக்குப் பழகிவிட்டது. வேலைக்குப் போவதும் வீடு திரும்புவதும் ஒரே மாதிரி லேசாக இருந்ததால் ஊரில் சண்டைகூடக் குறைந்தது.

செபமாலைக்கு மட்டும் பழகவில்லை. மரம் அறுக்கும் பட்டை ரம்பத்தின் பல்லை அரைத்து எடுத்துவிட்டு அதை ஓரமாகப் பதித்தாள், நடுவில் பலகையின் இடுப்பை ஒடுக்கினாள், சாய்ந்தால் பலகை தானே வளைந்து திரும்பட்டும் என்று. திரும்பியது, ஆனால் ஓரத்தை அழுத்தும்போதெல்லாம் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி பலகை முறுக்கிக்கொண்டது, ஓரம் மணலை விட்டுவிட்டது. பத்து நாள் யோசித்து, நார்த்துணியை நீளவாக்கில் மட்டும் போடாமல் குறுக்கே கோணலாகவும் இரண்டு அடுக்கு போட்டாள். முறுக்கு நின்றது. அந்தப் பலகையில் அவள் பெரிய பெரிய வளைவாகப் போட்டு, தோப்பைக் கடக்கும் மூன்று விநாடியைப் பத்து விநாடியாக்கினாள். அன்றைக்குத்தான் தொம்மையை முழுசாகப் பார்த்தாள். முந்திரி மரத்தடியில் நின்றிருந்தான், தாடி பாதி நரைத்திருந்தது, கையில் தேங்காய்ச் சிரட்டை இருந்தது. "மெலிஞ்சுட்ட" என்றான். அவள் வாயைத் திறப்பதற்குள் நாலுவிளை வந்துவிட்டது.

அதற்கப்புறம் கடைசிப் பலகை. வில்லைப் போல நடு மேலே எழும்பி, இரண்டு நுனியும் மணலைத் தொடுகிற மாதிரி அதை வளைத்தாள். ஏறி நின்றால் ஆளின் பாரத்தில் வில் தட்டையாகும், ஓரம் முழுநீளத்துக்கும் மணலில் பதியும், பதிந்தால் எந்த இறக்கத்திலும் நிற்கும் என்பது கணக்கு. பதினோரு நாள் காய வைத்தாள். கணக்கில் ஒரு தப்பு இருந்தது. அந்தப் படகுக்கு அப்புறம் அவள் எதைச் செய்தாலும், போதும் என்கிற இடத்துக்கு மேல் ஓர் அடுக்கு கூடுதலாகப் போடுவாள், போடாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. இதிலும் போட்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், தேரி நிறைய ஆள் போய் வந்துகொண்டிருந்தபோது, அவள் இறங்கினாள். நன்றாகத்தான் போனது. தோப்பு தெரிந்ததும் பலகையைக் குறுக்கே திருப்பி, இரண்டு காலையும் ஊன்றி, நாலு வருஷத்துப் பாரத்தையும் சேர்த்து அழுத்தினாள். வில் தட்டையாகவில்லை. அவள் நாற்பத்தேழு கிலோ, அந்த அடுக்குக்கு அது போதவில்லை. நடு ஓரம் மணலைத் தொடாமல் விரற்கடை உயரத்தில் நின்றது, பலகை இரண்டு நுனியில் மட்டும் உராய்ந்துகொண்டு, மெல்ல, ஆனால் நிற்காமல், தோப்பைத் தாண்டத் தொடங்கியது.

இதற்கு மேல் ஒரு பலகை செய்ய அவளிடம் தெம்பு இல்லை. பிரகாசி போய்க்கொண்டிருக்கிறாள், உபதேசியார் வந்துகொண்டிருக்கிறார், டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொத்தமும் வந்துகொண்டிருக்கிறார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"நீங்க பார்ல ஏத்தல!" என்று கத்தினாள். "மேட் நமத்திருந்துச்சு! போடும்போதே எனக்குத் தெரியும்! நாந்தான்! நாந்தான் ஒடச்சேன்!"

சிரட்டை கீழே விழுந்தது. தொம்மை வேரைவிட்டு வெளியே மணலில் கால் வைத்தான், மணல் அவனை அள்ளியது, அள்ளிய வேகத்திலேயே ஓடி நாலு எட்டில் அவள் பலகையின் மேல் ஏறி, அவள் தோளைப் பிடித்து நின்றான். கீழே வில் முனகிக்கொண்டே தட்டையானது. ஓரம் நுனியிலிருந்து நுனி வரை மணலில் இறங்கியது. ஐந்து மாதமாக யாரும் நிற்காத இடத்தில் பலகை நின்றது.

"காத்துல சரியாக் கேக்கல" என்றான் தொம்மை. "திரும்பச் சொல்லு."

அவள் சொன்னாள். மழையிலிருந்து தொடங்கி, விரலுக்குத் தெரிந்ததையும், நீலப் பூச்சையும், துண்டைக் காலால் தள்ளியதையும், ஒன்று விடாமல், மெதுவாகச் சொன்னாள். கடந்து போனவர்கள் ஆளுக்கு மூன்று விநாடி கேட்டார்கள். இருட்டுவதற்குள் கடற்கரையில் பாதியும் டவுனில் பாதியுமாக முழுக் கதையும் போய்ச் சேர்ந்திருந்தது, அவளிடம் படகு கட்டக் கொடுத்திருந்த இரண்டு பேர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்க அவள் கொட்டகை வாசலில் வந்து நின்றிருந்தார்கள்.

தேரியில் தொம்மை அவளைத் திட்டத் தொடங்கியிருந்தான். நாலு வருஷமாக முந்திரி மரங்களிடம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த அத்தனையையும் திட்டினான். "ஊரே என்னைய பார் தெரியாதவன்னு சொல்லும்போது நீ பாத்துக்கிட்டுத்தான ஏட்டி இருந்த? எங்கப்பன் பேரையும் சேத்துலா சிரிச்சானுவ? ஒரு வார்த்தை, வீட்டுக்குள்ள வச்சு எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே ஊருக்கு முன்னால ஆமா பார்லதான் ஏத்துனேன்னு சொல்லியிருப்பேனே!" அவள் வழிகிற கண்ணீரைத் துடைக்காமல் நின்றாள். அதைக் கண்டு அவனுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. "ஒன் மொகத்துல முழிக்க மாட்டேன், நான் தோப்புக்கே போறேன், நீ எங்கயும் போய்ச் சேரு" என்று பலகையிலிருந்து ஒரு காலை மணலில் இறக்கினான்.

பாரம் குறைந்ததும் வில் நிமிர்ந்தது. ஓரம் மணலை விட்டது, பலகை அவளைச் சுமந்துகொண்டு நழுவத் தொடங்கியது.

தொம்மை சட்டென்று காலைத் திரும்பப் பலகையில் வைத்தான். பலகை நின்றது. அவன் அவள் தோளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தான்.